லீவு நாள் வாசனை

செண்ட் பாட்டில் சேர்க்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பல வருடமாக நானும் அவர்களில் ஒருவன், அதனால் தைரியமாகச் சொல்லலாம். கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது ஒரு செண்ட்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டோம். கம்பெனிக்காரன் அதை நிறுத்திவிட்டான் என்று தெரிந்த மறுநாளே வீட்டில் எழவு விழுந்த மாதிரி அலறுவோம். பிறகு அது எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராக விசாரிப்போம். கிடைத்தால் திறக்க மாட்டோம்.

எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. சென்னை, கோவை, பெங்களூர், கொச்சி என்று பல ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து நான் ஒருவன்தான். அந்தக் குழுவில் "ரோஸ் மூடி" என்று சொன்னால் போதும், எந்த பாட்டில் என்று எல்லோருக்கும் புரியும். பழமும் பூவும் கலந்த பெண்கள் செண்ட் அது. அடித்த உடனே பீச் பழமும் கொய்யாவும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை முகத்தில் வந்து விழும். பத்து நிமிடம் கழித்து அதற்கு அடியிலிருந்து மல்லி எழும்பி வரும். நம்மூர்க் குண்டுமல்லியின் கனம் இருக்காது. தண்ணீரில் அலசி எடுத்த மல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது விற்பனையில் இருந்த காலத்தில் அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்ன ஆள் குழுவில் கிடையாது. காலேஜ் பெண்கள் செண்ட், ஷாம்பு வாசனை, பபுள்கம் என்று கேலிதான். வளைகுடா நாட்டு சூப்பர் மார்க்கெட்டில் சோப்புக்குப் பக்கத்தில் கிடந்த சரக்கு. நின்றுபோனதும் பேச்சு மாறியது. ஏதோ ஒரு மூலப்பொருளுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது, இனி யாராலும் அதைச் செய்ய முடியாது என்றார் ஒருவர். பழ வாசனை செண்ட் எல்லாம் இரண்டு மணி நேரத்தில் பறந்துவிடும், இது ஒன்றுதான் காலையில் அடித்தால் சாயங்காலம் வரைக்கும் நிற்கும் என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் ஒரே நாளில் ஞானம் வந்துவிட்டது.

உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். முதல் சம்பளத்தில் வாங்கக்கூடிய விலையில் அது இருந்தது. அதனால் எங்கள் ஒவ்வொருவருக்கும் அதைப் போட்டுக்கொண்டு நடமாடிய ஒரு பெண் இருந்தாள். ஒருவருக்கு அம்மா, ஒருவருக்குக் காதலி, ஒருவருக்கு ஹாஸ்டல் அறைத் தோழி. அவர்கள் பக்கத்தில் இருந்தபோது நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

எனக்கு அது அக்கா.

அக்கா குவைத்தில் நர்ஸ். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போன குடும்பத்திலிருந்து கான்வென்ட் சிஸ்டர்களின் தயவில் நர்சிங் படித்துப் போனவள். என்னை எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வைத்ததும், நான் வேதியியல் வாத்தியாராகி கள்ளக்குறிச்சியில் வீடு கட்டியதும் அவள் சம்பாத்தியத்தில்தான். அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்து இரண்டே வருடத்தில் முடிந்துபோனது. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

வார்டில் செண்ட் போடக் கூடாது, நோயாளிக்கு ஆகாது. ஆறு நாளும் டெட்டால், ஸ்பிரிட், மூத்திரம், மருந்து. வெள்ளிக்கிழமைதான் அங்கே லீவு, மாதா கோயிலில் பூசையும் அன்றைக்குத்தான். அன்று காலையில் குளித்துவிட்டு அந்த ரோஸ் மூடியைத் திறந்து கழுத்தில் இரண்டு தடவை, மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொள்வாளாம். ஊருக்கு வரும்போதும் தினமும் அதுதான். கட்டிப்பிடித்தால் நம் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும்.

"இது லீவு வாசனைடா. இத்தப் போட்டுக்கினா எந்த பேஷண்ட்டும் என்னக் கூப்பிட மாட்டான்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

கடைசி பாட்டில் தீர்ந்த வருடம் காலிப் பாட்டிலை என் கையில் கொடுத்து, "இது இனிமே வராதாம்டா, கடையில கேட்டுட்டேன்" என்றாள். அந்தக் காலிப் பாட்டிலிலிருந்துதான் என் பைத்தியம் தொடங்கியது. ரோஸ் மூடியை முகர்ந்துகொண்டே இணையத்தில் தேடினேன், குழுவில் சேர்ந்தேன், வேறு வேறு பாட்டில்கள் வாங்க ஆரம்பித்தேன். அக்காவுக்காகத் தேடுகிறேன் என்று முதல் ஒரு வருடம் உண்மையாகவே நம்பினேன். அதன் பிறகு எதற்காகத் தேடுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டேன்.

தேர்வுப் பணிக்காகத் தியாகதுருகம் போயிருந்தபோது அது கிடைத்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் பேனா வாங்க நுழைந்தேன். மேல் தட்டில், வளையல் டப்பாக்களுக்குப் பின்னால், ரோஸ் நிறத்தில் ஒரு அட்டைப் பெட்டியின் மூலை தெரிந்தது. வளைகுடாவிலிருந்து வந்த யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போனதாம். கடைக்காரர் துண்டால் தூசியைத் தட்டிக் கொடுத்தார். மேலே சுற்றியிருந்த கண்ணாடித் தாள்கூடக் கிழியவில்லை. விலை கேட்காமலே பணத்தை நீட்டினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அக்காவுக்கு அனுப்பவில்லை. ஊருக்கு வரும்போது கையில் கொடுத்து அசத்த வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். குழுவில் வாழ்த்து வந்து குவிந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "சீல் உடையாத பீஸ்! நாட்டிலேயே இன்னொன்று இருக்குமா தெரியவில்லை. தயவுசெய்து திறந்துவிடாதீர்கள்" என்று எழுதினார். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. படிக்கப் படிக்க அது அக்காவின் பாட்டிலாக இல்லாமல் என் பாட்டிலாக மாறிக்கொண்டு வந்தது.

அடுத்த வருடம் அக்கா ஒரேயடியாக ஊருக்கு வந்தாள். வயிற்றில் கட்டியோடு வந்தாள். புதுச்சேரியில் காட்டினோம். மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் எந்த வாசனையும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தாளிப்பு வாசம் வந்தால் வாந்தி, ஊதுவத்தி வாசம் வந்தால் வாந்தி. என் மனைவி கடுகு தாளிப்பதையே விட்டுவிட்டாள். அக்காவைக் குளிப்பாட்டியது, துணி மாற்றியது எல்லாம் அவள்தான். ஒரு நாள் என் பீரோவைத் திறந்து காட்டி, "இதெல்லாம் வூட்டுல இருக்கக் கூடாதுங்க. எங்கன்னா கொண்டும்போயி வெச்சிடுங்க" என்றாள்.

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நான் வேலை பார்ப்பது வெள்ளிமலையில். வாரம் முழுக்க அங்கே ஒரு வாடகை அறையில் தங்கிவிட்டு சனிக்கிழமை கீழே இறங்குவேன். செண்ட்டுக்குச் சூடும் வெளிச்சமும் எதிரி. கள்ளக்குறிச்சி வெயிலில் எந்த பாட்டிலும் நாலு கோடை தாங்காது, மலையில் தாங்கும். எல்லாவற்றையும் பழைய வேட்டியில் சுற்றி ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி மேலே கொண்டுபோனேன். ரோஸ் பெட்டி நடுவில், இருட்டில், குளுமையாக இருந்தது. பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கும்போதுகூட அதை நினைத்தால் ஒரு நிம்மதி வரும்.

ஆறு மாதம் கழித்து, இனி மருந்து ஏற்றிப் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மருந்தை நிறுத்தியதும் அக்காவுக்கு மூக்கு திரும்பி வந்தது. அது ஒரு கொடுமை. ஆள் கரைந்துகொண்டிருந்தாள், மூக்கு மட்டும் பழையபடி கூர்மையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்டா, ஒன்னாண்டதான் அம்மாம் பாட்டில் கீதே. அந்த ரோஸு மூடி எங்கனா கெடைக்குமா?"

"இன்னாத்துக்குக்கா?"

"எம்மேல ஆஸ்பத்திரி வாசனைதான்டா வருது. எத்தினி தபா குளிப்பாட்டினாலும் போவல. ஒரு நாள் லீவு எடுத்துக்கினாப் போல இருக்கும், அதான்."

இருக்கிறது அக்கா, நாளைக்கே எடுத்து வருகிறேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொன்னது இது: "அது எப்பவோ நின்னுபோச்சேக்கா. தேடிப் பாக்குறேன்."

"ரொம்ப அலையாதடா. கெடைச்சா பாரு" என்றாள்.

அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு தடவை அழுத்திவிட்டால் அது திறந்த பாட்டில். நாட்டில் இன்னொன்று இல்லை. அடித்து, அவளுக்கு வாந்தி வந்துவிட்டால் எல்லாம் வீண். இப்படி எனக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து வரிசையாகக் காரணம் அடுக்கினான். அவள் வாங்கிக் கொடுத்த மூளைதான், அவளுக்கு எதிராகவே நன்றாக வேலை செய்தது.

திங்கட்கிழமை மலைக்குப் போனதும் குழுவில் கேட்டேன், ரோஸ் மூடிக்குக் கிட்டத்தட்ட சமமான வாசனை எது என்று. ஆளுக்கொன்று சொன்னார்கள். அதில் ஒன்றைக் கொச்சிக்காரர் ஒருவர் சின்னக் குப்பியில் ஊற்றிக் கூரியரில் அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை அதை அக்காவின் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பின் மேல் தோல் மட்டும் போர்த்திய மணிக்கட்டு. மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது என்னைத்தான் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா இது அது இல்லடா" என்றாள். பிறகு என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, "பரவால்ல, இதுவும் வாசனையா கீது. வெச்சிட்டுப் போ" என்று சமாதானம் சொன்னாள்.

என் மனைவி கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாடியில் துணி எடுக்கப் போனபோது பின்னாலேயே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தியாகதுருகத்துல வாங்கினாந்தீங்களே ரோஸு பொட்டி, அது இன்னா ஆச்சுங்க?"

"மலைல கீது."

"அண்ணிகிட்ட இல்லன்னு ஏன் சொன்னீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம். அதன் அருமை உனக்குத் தெரியாது என்றேன். ஒன்றும் தெரியாமல் பேசாதே என்றேன். அவள் துணியை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "வர்ற சனிக்கிழமை எடுத்தாந்துடுங்க. நான் அவங்களாண்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கொண்டுவர வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். அந்த முடிவு பொய்யில்லை. ஆனால் வர்ற சனிக்கிழமை என்று அவள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை மேலே போய்ச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் இறங்கியிருக்கலாம். விடுப்பு இருந்தது. சனிக்கிழமைதானே என்று இருந்துவிட்டேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் மாலையும் டிரங்குப் பெட்டியைத் திறந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஐந்து நாள் சீல் இருக்கும், இன்னும் நாலு நாள் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அக்காவுக்கு எத்தனை நாள் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

புதன்கிழமை முற்பகல், பதினோராம் வகுப்பில் இருந்தபோது ஃபோன் வந்தது. மனைவி இரண்டு வார்த்தைதான் பேசினாள்.

"அண்ணி போயிட்டாங்க."

பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. ஒரு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போனேன். சட்டை மாற்றவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து ரோஸ் பெட்டியை எடுத்துத் தோள்பையில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. கீழே இறங்க இறங்கச் சூடு ஏறும் என்று ஒரு துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்து பெட்டியைச் சுற்றினேன். கண்ணாடித் தாளுக்குள் ஈரம் போகாதபடி நடுவில் பிளாஸ்டிக் பை வைத்தேன். ஜீப்பில் வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். அழுதுகொண்டேதான் வந்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் முடிகிறது.

வீட்டில் அக்காவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் சிலுவை, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. குவைத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் புடவையை மனைவி கட்டிவிட்டிருந்தாள். பங்குச் சாமியார் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சவப்பெட்டியை மூடும் முன் நெருங்கின சொந்தக்காரர்கள் செண்ட் பாட்டிலை எடுத்து உடம்பு முழுக்க அடிப்பார்கள். முகத்திலிருந்து கால்வரை அடித்து, மிச்சம் வைக்காமல் தீர்த்துவிடுவார்கள். பாட்டில் காலியாகும் வரைக்கும் யாராவது கை மாற்றி வாங்கி அடித்துக்கொண்டே இருப்பார்கள். மறுநாள் காலையில் அத்தை என்னிடம் வந்தாள். அப்பாவின் தங்கை, இந்த மாதிரி காரியங்களில் அவள் சொன்னபடிதான் நடக்கும்.

"செண்ட்டு எங்கடா? ஊரெல்லாம் சொல்லுது ஒன்னாண்ட பொட்டி பொட்டியா கீதுன்னு. ஒங்கக்காளுக்கு நல்லதா ஒண்ணு எடுத்தா."

தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து அதை நான் கீழே வைக்கவில்லை. கையை உள்ளே விட்டேன். ஈரத் துண்டு காய்ந்துபோயிருந்தது, பெட்டியின் விளிம்பு விரலில் பட்டது. அப்போதும் வக்கீல் எழுந்து நின்றான். அக்காவுக்கு இனி மூக்கு இல்லை. அத்தை ஐந்தே நிமிடத்தில் காலி பண்ணிவிடுவாள். மண்ணுக்குள் போகிற ஒன்றுக்கு எதற்கு?

"எல்லாம் மலைல கீது அத்த. கடையில வாங்கினு வரேன்" என்றேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் செண்ட் கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "துக்கத்துக்காங்க?" என்று கேட்டுவிட்டுக் கல்லாவுக்கு அடியிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுத்தார். அதற்கென்றே தனியாக வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. தொண்டையை அடைக்கிற, கண் எரிகிற வாசனை. அத்தை அதை அடித்தாள், மற்றவர்கள் வாங்கி அடித்தார்கள், நானும் அடித்தேன். பதினாலு வருடம் ஆஸ்பத்திரி வாசனையில் கிடந்தவள், கடைசியில் அதைவிட மோசமான ஒரு வாசனையோடு பெட்டிக்குள் போனாள். மூடி போடும்போது என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. என் தோள்பையைப் பார்த்தாள்.

குழுவில் விஷயத்தைச் சொன்னபோது வரிசையாக இரங்கல் வந்தது. நாலாம் நாள் கோயம்புத்தூர்க்காரர் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று தொடங்கி, ரோஸ் மூடியைக் கொடுக்கிற எண்ணம் வந்தால் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தார். எனக்குக் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இரண்டாம் நாளே கேட்டிருப்பேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, அதற்கு அடுத்த வாரம் வெள்ளிமலை அறையில் அந்தப் பெட்டியைத் திறந்தேன். சனிக்கிழமை காலை, ஊருக்கு இறங்குவதற்கு முன்னால். கண்ணாடித் தாளைக் கிழிக்கும்போது மனதில் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. கெட்டுப்போயிருக்க வேண்டும். வேதியியல் தெரிந்தவன் நான். பழ வாசனைதான் முதலில் கெடும், புளித்து நகப்பூச்சு மாதிரி நாறும். தியாகதுருகம் கடையின் மேல் தட்டில் தகரக் கூரைக்கு நேர்கீழே அது எத்தனை கோடை கிடந்ததோ. நாறினால் போதும். எப்படியும் அக்காவுக்குப் பயன்பட்டிருக்காது என்று ஆகிவிடும். நான் செய்ததில் பாதியாவது குறையும்.

மூடியை எடுத்து மணிக்கட்டில் ஒரு தடவை அழுத்தினேன்.

பீச் பழமும் கொய்யாவும். எதுவுமே கெடவில்லை. பத்து நிமிடம் கழித்து, அலசின மல்லி எழும்பி வந்தது. அக்கா குவைத்திலிருந்து வந்து இறங்கி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னடா இளைச்சிட்ட என்று கட்டிக்கொள்கிற நேரத்து வாசனை. கட்டிலில் உட்கார்ந்து வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கத்தினேன்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மனைவி சமையலறையிலிருந்து வந்து கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்வை என்னைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று, எனக்குப் பின்னால் யாரோ வருகிற மாதிரி. பிறகு என் கையைப் பார்த்தாள்.

"தொறந்துட்டீங்களா?"

"ம்."

"கெட்டுப்போவலியா?"

"இல்ல."

அவள் உள்ளே போய் அக்கா படுத்திருந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கிணற்றடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு மணிக்கட்டைத் தேய்த்தேன், இரண்டு தடவை, மூன்று தடவை. போகவில்லை. குழுவில் அவர்கள் சொன்னது உண்மைதான். சாயங்காலம் வரைக்கும் நின்றது.